கண்ணாடி மூடி

ஆலங்காயத்து நண்பர் ஒருவர், தம் மகனுக்கு ஆம்பூரில் வேலை தந்தவருக்கு அன்பளிப்பாக வைத்திருந்த சுருட்டுப் பெட்டியைப் பெருமையோடு நம்மிடம் காட்டினார். கியூபா நாட்டுக் ‘கோஹிபா’ சுருட்டாம். வளைகுடாவிலிருந்து வந்தவரிடம் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கினாராம். பெட்டிக்குக் கண்ணாடி மூடி. கண்டதும் நெஞ்சு கனத்தது. 1966-இல் தோன்றிய அந்தச் சுருட்டு கண்ணாடி மூடியிட்ட பெட்டியில் வருவதே இல்லை. அது போலி.

சொல்வதா, விடுவதா? முன்பொருமுறை நாம் வாங்கிய கைப்பையைப் புரட்டிப் பார்த்து, முப்பது ஆண்டுகள் தோல் பதனிட்ட அவர் சொன்னது நினைவுக்கு வந்தது: “இது தோல் இல்லைங்க, ரெக்சின். உள்பக்கம் துணி ஒட்டியிருக்கு, பாருங்க.” அன்று சினந்தோம், பின்னர் நன்றி கூறினோம்.

வீட்டார் அறியாமல் திண்ணைக்கு அழைத்துச் சொன்னோம். நெடுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, “கொடுத்தபின் தெரிந்திருந்தால் என் பிள்ளை முகம் என்னாகியிருக்கும்?” என்றார்.

மறுநாள் வெறுங்கையோடு சென்று, வாயார நன்றி சொல்லி வந்தார். அந்த நன்றியில் போலி இல்லை. நண்பர் நாணுவாரே என்று நாம் வாய்மூடியிருந்தால், நம் நட்பும் கண்ணாடி மூடியிட்ட பெட்டியாகியிருக்கும் அன்றோ?