கர்சரின் நுனி யாருக்குத் தெரியும்?

கணினித் திரையில் நகரும் கர்சர் ஒரு சிறிய படம். பல டிரைவர்களில் அதன் அளவு 64 பிக்சல் அகலம், 64 பிக்சல் உயரம். அந்த 4,096 புள்ளிகளில் ஒரே ஒரு புள்ளிதான் உண்மையில் எதையேனும் சுட்டுகிறது. அம்புக்குறிக்கு அது இடப்பக்க மேல் மூலையில் இருக்கிறது. எழுத்துகளுக்கிடையே தோன்றும் நெடுங்கோட்டுக்கும் அளவெடுக்க உதவும் கூட்டல் குறிக்கும் நடுவில் இருக்கிறது. கணினியியலார் இதை ஹாட்ஸ்பாட் என்பர். தமிழில் சுட்டுப்புள்ளி எனலாம். எஞ்சிய புள்ளிகள் எல்லாம் மனிதக் கண்ணுக்காக வரையப்பட்டவை.

ஒரே கணினி இருக்கும்வரை இதில் சிக்கலில்லை. மவுஸ் தன் இருப்பிடத்தைச் சொல்வதில்லை. எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. இயங்குதளம் அவ்வசைவுகளைக் கூட்டி இடத்தைக் கணிக்கிறது. சுட்டுப்புள்ளியின் தொலைவைக் கழித்து, படத்தின் மேல் மூலை எங்கே அமைய வேண்டும் என்று திரை வன்பொருளுக்கு இரண்டு எண்களை அனுப்புகிறது. வன்பொருள் கர்சரைத் தனி அடுக்காக மேலே வைத்துக் காட்டிவிடும். எந்தப் புள்ளி நுனி என்பதை அது அறிய வேண்டியதில்லை.

மெய்நிகர் கணினியில் நிலைமை மாறுகிறது. அங்கே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கணினிகள்: வெளியே ஹோஸ்ட், உள்ளே கெஸ்ட். இரண்டுக்கும் தனித்தனித் திரை உண்டு; எனவே இரண்டுக்கும் தனித்தனி 'இங்கே' உண்டு.

கார்ல் பூலர் 1934இல் வெளியிட்ட மொழிக் கோட்பாட்டு நூலில், சுட்டுச் சொற்கள் அனைத்தும் ஒரு மூலப்புள்ளியிலிருந்தே பொருள் பெறுகின்றன என்றார். அதற்கு அவர் இட்ட பெயர் ஒரிகோ: 'நான், இங்கே, இப்போது' என்னும் மூன்றும் சந்திக்கும் இடம். கண்முன் இல்லாத ஒன்றை மனக்கண்ணில் கொண்டு சுட்டும்போது என்ன நேர்கிறது என்பதையும் அவர் ஆராய்ந்தார். ஒன்று, இல்லாத பொருள் பேசுபவரின் இடத்துக்குக் கொணரப்படுகிறது. அல்லது, பேசுபவர் தம் மூலப்புள்ளியோடு அங்கே பெயர்ந்து செல்கிறார்.

மெய்நிகர் திரை வடிவமைப்பாளர்கள் பூலரைப் படித்திருக்கத் தேவையில்லை; ஆயினும் அவர்கள் கண்ட தீர்வுகள் இவ்விரண்டுக்கும் மிக அருகில் நிற்கின்றன. பழைய தீர்வு பெயர்ந்து செல்லுதல். கெஸ்டின் சாளரத்தில் சொடுக்கியதும் மவுஸ் உள்ளே சிறைப்படும். வெளியே வர ஒரு விசையை அழுத்த வேண்டும். அசைவுகளை மட்டும் உள்ளே அனுப்பினால் இரு இயங்குதளங்களும் தத்தம் வேக விதிப்படி அவற்றைக் கூட்டுகின்றன. இரண்டு கர்சர்களும் மெல்ல மெல்ல விலகிப்போகின்றன. ஆகவே ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றில் குடியேற நேர்ந்தது.

பின்வந்த தீர்வு கொணர்தல். கியூஎம்யூ போன்ற மென்பொருள்கள் கெஸ்டுக்கு மவுஸுக்குப் பதிலாக ஒரு வரைபலகையைக் காட்டுகின்றன. அது அசைவைச் சொல்லாமல், 0 முதல் 32,767 வரையிலான அளவுகோலில் இடத்தையே நேரடியாகச் சொல்கிறது. இடம் ஒன்றானதால் சிறை தேவையில்லை. கர்சர் படத்தையும் ஹோஸ்டே வரைந்துவிடுகிறது. கெஸ்ட் வரைந்து, முழுத் திரைப்படமாக வலையமைப்பு வழியே அனுப்பினால், கை நகர்ந்த பிறகே கர்சர் நகரும். பயனருக்குச் சேற்றில் நடப்பது போலிருக்கும். ஆகவே கெஸ்ட் கர்சரின் வடிவத்தை மட்டும் அனுப்புகிறது. விர்ட்டியோ ஜிபியு என்னும் மெய்நிகர் திரைக்கருவியில் கர்சர் கட்டளைகளுக்கென்றே தனி வரிசை உண்டு. பெரிய வரைதல் பணிகளுக்குப் பின்னால் அவை காத்துக் கிடக்கத் தேவையில்லை.

இங்கேதான் சுட்டுப்புள்ளி இன்றியமையாததாகிறது. படத்தை வரைவது ஹோஸ்ட். அதன் நுனி எது என்று கெஸ்ட் சொல்லாவிட்டால் ஹோஸ்டுக்கு அறிய வழியில்லை.

மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஒலியியல் ஆய்வாளர் களப்பதிவுகளைத் தொலைவிலுள்ள மெய்நிகர் கணினியில் பகுத்துக் குறியிடத் தொடங்கிய முதல் நாளிலேயே இதை எதிர்கொண்டார். அம்புக்குறியால் பட்டியலில் எதைத் தொட்டாலும் சரியாக விழுந்தது. ஒலி அலையின் மேல் கர்சர் கூட்டல் குறியாக மாறியதும், சொடுக்கிய இடத்துக்கு இடப்புறமாக 12 பிக்சல் தள்ளிக் கோடு விழுந்தது. கை நடுக்கம் என்றார் உடனிருந்தவர். ஆனால் நடுக்கம் எப்போதும் ஒரே திசையில் ஒரே அளவில் நேர்வதில்லை. 24 பிக்சல் அகலமுள்ள குறியின் நடு 12. சுட்டுப்புள்ளியை அறியாத ஹோஸ்ட், மேல் மூலையையே நுனியெனக் கொண்டு படத்தை வைத்திருந்தது.

அது கண்ணில் படாமல் போயிருந்தால்? 1,000 பிக்சலில் ஒரு வினாடி விரியும் திரையில் 12 பிக்சல் என்பது 12 மில்லிவினாடி. மூச்சொலியற்ற வல்லினங்களில் வெடிப்புக்கும் குரல் தொடக்கத்துக்கும் இடையிலான நேரம் பெரும்பாலும் 10 முதல் 30 மில்லிவினாடிக்குள் அடங்கிவிடுகிறது. வெடிப்பை நிரல் தானே கண்டறிந்து, குரல் தொடக்கத்தை மட்டும் கையால் குறிக்கும் முறையில் இப்பிழை ஒன்றையொன்று ஈடுசெய்யாது. 10 என்பது -2 ஆகும். குரலிலா ஒலி, அட்டவணையில் குரலொலியாக மாறிவிடும். சராசரி எடுத்தாலும் அது மறையாது. எல்லாத் தரவும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும்.

இத்தகைய பிழையின் வேரை லினக்ஸ் கர்னலின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். மெய்நிகர் திரைகளின் தேவையை உணர்ந்து, 2013இல் கர்சர் அழைப்பில் சுட்டுப்புள்ளிக்கென இரண்டு எண்கள் சேர்க்கப்பட்டன. பின்னர் 2015 வாக்கில் அட்டாமிக் என்னும் புதிய இடைமுகம் நிலைபெற்றது. திரையின் மாற்றங்கள் யாவும் ஒருசேர நிகழ வேண்டும், அல்லது எதுவும் நிகழக் கூடாது என்பது அதன் நெறி. சீரான, அழகான நெறி. அதில் கர்சர் பிற அடுக்குகளைப் போல ஓர் அடுக்காயிற்று. படம், அளவு, இடம் ஆகியவை இருந்தன, சுட்டுப்புள்ளி இல்லை. உண்மையான வன்பொருளுக்கு அது தேவைப்படாததே காரணம். சில சாளர மேலாண்மை நிரல்கள் மெய்நிகர் டிரைவர்களின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் பழைய வழியையே கையாண்டன. 2024 மார்ச்சில் வெளியான 6.8ஆம் பதிப்பில்தான் சுட்டுப்புள்ளி புதிய இடைமுகத்தில் இடம்பெற்றது. அதனுடன் ஒரு நிபந்தனையும் வந்தது: சுட்டுப்புள்ளியைப் புரிந்துகொள்வதாக நிரல் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும்; அறிவிக்காத நிரலுக்கு மெய்நிகர் டிரைவரின் கர்சர் அடுக்கே காட்டப்படாது. அந்நிரல் கர்சரைத் தானே திரைப்படத்துக்குள் வரைந்துகொள்ளும். அது சற்று மெதுவாக நகரும்; ஆனால் பொய் சொல்லாது.

யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் 'உது', 'உவன்' என்னும் உகரச் சுட்டு வழங்குகிறது. தமிழகப் பேச்சில் அது மறைந்துவிட்டது. 'இது', 'அது' என்ற இரண்டோடு மட்டும் வளர்ந்த காதுக்கு, 'உது' எவ்விடத்தைக் குறிக்கிறது என்பதைச் சொல்லின் ஒலி தானாக உணர்த்துவதில்லை. சுட்டுபவருக்குச் சொல்லாமலே விளங்கும் ஒன்று, கேட்பவருக்குச் சொன்னால்தான் விளங்கும். கணினிகளுக்கு இடையிலும் நிகழ்ந்தது இதுவே. தனக்கு வேண்டாதது எவருக்கும் வேண்டாதது என்று ஓர் இடைமுகம் முடிவு செய்தது. அது கழித்த இரண்டு எண்களுக்கான விலையைக் கம்பியின் மறுமுனையில் அமர்ந்திருந்தவர் கொடுத்தார்.

தொலைத்திரை வழியே கையால் அளவெடுக்கும் மாணவர்கள் ஒரு சிறு சோதனையை வழக்கமாக்கிக்கொள்வது நன்று. பயன்படுத்தும் கர்சர் வடிவம் ஒவ்வொன்றாலும், முன்பே இடம் தெரிந்த ஒரு கோட்டின்மேல் பத்து முறை சொடுக்கி, விழுந்த இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிழைகள் இருபுறமும் சிதறினால் அது கையின் பிழை. ஒரே பக்கமாகச் சாய்ந்தால், எங்கோ ஒரு நுனி சொல்லப்படாமல் விடுபட்டிருக்கிறது. ஆய்வேட்டின் முறையியல் இயலில், ஒலிவாங்கியின் வகையைக் குறிப்பது போலவே, குறியீடு எந்தத் திரை வழியே செய்யப்பட்டது என்பதையும் ஒரு வரியில் குறித்துவிடலாம்.