வாப்பாவின் முகத்துக்கு என்ன நிறம்?

கறுப்பு, மாநிறம், வெள்ளை, 'நல்ல கலர்' என்று ஒரு மனிதரின் முகத்தை ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். பெண் பார்க்கப் போகும் வீடுகளில் இந்தச் சொற்களுக்கு இருக்கும் விலை சகோதரிகளுக்குத் தெரியாததல்ல. ஆனால் தூரிகை பிடித்துப் பழகியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே நிறமுள்ள முகம் ஒன்றை இதுவரை கண்டதில்லை என்றுதான் சொல்வார்கள்.

சித்திரப் பாடத்தில் நிறங்களை வெப்ப வர்ணங்கள், குளிர் வர்ணங்கள் என்று இரண்டாகப் பிரித்துக் கற்பிப்போம். சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள் ஆகியவை வெப்ப வர்ணங்கள். நீலம், பச்சை, ஊதா ஆகியவை குளிர் வர்ணங்கள். வெப்ப வர்ணம் முன்னே வருவது போலவும் குளிர் வர்ணம் பின்னே விலகுவது போலவும் கண்ணுக்குத் தோன்றும். தட்டையான தாளில் மூக்கு எழும்பி நிற்பதற்கும் கன்னத்தின் ஓரம் வளைந்து மறைவதற்கும் இது பெரிதும் உதவுகிறது.

மனித முகத்தில் இந்த இரண்டு வகையும் இயற்கையாகவே அமைந்துள்ளன. நெற்றியில் மஞ்சள் சாயல் கூடுதலாகத் தெரியும். கன்னம், மூக்கு நுனி, காது மடல் ஆகிய இடங்களில் இரத்தம் தோலுக்கு அருகில் ஓடுவதால் சிவப்பு கூடும். ஆண்களின் தாடைப் பகுதியில், மழித்த தாடியின் வேர் காரணமாக, சாம்பல் கலந்த நீலம் படரும். கரிய முகத்திலும் வெளுத்த முகத்திலும் இந்த ஒழுங்கு உண்டு. கரிய முகத்தில் அதைக் காண்பதற்குச் சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நான் பிறந்த சுன்னாகத்தில் இதைக் கற்றுக்கொள்வது எளிது. வலிகாமத்தின் செம்மண் பூமி அது. நண்பகலில் தோட்டத்து வரப்பில் ஒருவர் நின்றால், அவரது நெற்றியிலும் கன்ன எலும்பிலும் விழும் பளபளப்பில் வானத்தின் நீலம் கலந்திருக்கும். அதே நேரம் நாடிக்குக் கீழேயும் மூக்கின் அடியிலும் செம்மண்ணில் பட்டுத் திரும்பும் ஒளி செம்பு நிறமாக ஏறும். மேலே குளிர், கீழே வெப்பம். நிழல் என்றால் கறுப்புத்தான் என்று எண்ணுபவர்கள் அந்த மண்ணில் ஒரு நாள் நின்று பார்த்தால் போதும்.

நம் முன்னோர்களும் இதை அறிந்திருந்தனர். முகலாயர் காலத்து முகப்படங்கள் பலவற்றில் பின்புலம் ஒரே பச்சையாக இருக்கும். குளிர்ந்த அந்தப் பச்சைக்கு முன்னால் மாநிற முகம் வெப்பம் பெற்று ஒளிர்கிறது. வெள்ளை பூசி வெளிச்சம் ஏற்றும் தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. பேரரசர் ஜஹாங்கீர் தம் ஓவியர் அபுல் ஹஸனுக்கு 1618ஆம் ஆண்டு 'நாதிருஸ் ஸமான்' (காலத்தின் அரியவர்) என்ற பட்டத்தை வழங்கினார். நம் குடாநாட்டில், அச்சுவேலியில் பிறந்த ஆசை இராசையா (1946–2020) முகப்படங்களுக்குப் பெயர்பெற்றவர். நாட்டின் அஞ்சல் முத்திரைகளிலும் அவரது கைவண்ணம் உண்டு.

இதையெல்லாம் இங்கே எழுதக் காரணம் வாப்பாவின் படம்.

1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பமும் சுன்னாகத்தை விட்டுப் புத்தளம் வந்து சேர்ந்தது. கலியாணப் படங்களும் அல்பங்களும் வீட்டோடு போயின. எஞ்சியது வாப்பாவின் சட்டைப் பையில் இருந்த அடையாள அட்டை மட்டுமே. அதில் தபால் முத்திரை அளவில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம். வாப்பா மௌத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன. அவரைக் காணாத பேரப்பிள்ளைகளுக்காக ஒரு வர்ணப் படம் வரைந்து தரும்படி தங்கையின் பிள்ளைகள் கேட்டார்கள். கூடவே ஒரு வேண்டுகோளும் வந்தது: "பெரியம்மா, கொஞ்சம் வெள்ளையாக்கி வரையுங்கோ."

அவர்கள் விரும்பியவாறு ஒரு தாளிலும், எனக்குச் சரியென்று பட்டவாறு இன்னொரு தாளிலும் வரைந்தேன். வர்ணத்தோடு வெள்ளையைச் சேர்த்தால் அது வெளுக்கும்; ஆனால் சூட்டையும் இழந்துவிடும். மாநிறத்துக்குள் வெள்ளையைக் கொட்டக் கொட்ட முகம் பிரகாசமாவதில்லை. சுண்ணாம்பு பூசியது போல, நோயாளியின் முகம் போல வெளிறிப் போகும். இரண்டாவது தாளில் காவியும் மஞ்சள் காவியும் அடிப்படையாயின. தாடையில் சிறிது நீலம், நெற்றிப் பளபளப்பில் இன்னும் சிறிது, நாடிக்குக் கீழே செம்மண்ணின் சிவப்பு, பின்னால் மங்கிய பச்சை.

இரண்டையும் உம்மாவிடம் கொண்டுபோனேன். முதல் தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது ஆரு மகள்?" என்று கேட்டார். இரண்டாவதைக் கையில் வாங்கியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "சந்தையில வெயில் குடிச்ச மனிசன் எல்லா, இப்பிடித்தான் இருந்தார்."

உருவப்படங்கள் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். உயிருள்ளவற்றை வரைவதையே கூடாது என்போரும் உளர். அந்தப் பேணுதலை மதித்து எங்கள் வீட்டில் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம்; பிள்ளைகள் கேட்டால் எடுத்துக் காட்டுகிறோம். இது பற்றித் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல.

ஆனால் நிறம் பற்றிய விடயத்தில் கருத்து வேறுபாட்டுக்கு இடமேயில்லை. மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் ஸூரா அர்ரூமின் 22ஆம் வசனத்தில் எடுத்துச் சொல்கிறான். அத்தாட்சி என்று அவன் சொன்னதை நாம் குறை என்று சொல்லலாமா? மௌத்தான பின்னரும் ஒருவரை வெள்ளையாக்கிப் பார்க்க விரும்புகிறோம் என்றால், உயிரோடு இருக்கும் கரிய பெண்பிள்ளை நம் வீடுகளில் என்னவெல்லாம் கேட்டு வளர்கிறாள் என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு சிறு யோசனை. பிள்ளைகளின் பெஸ்டல் பெட்டியில் இளஞ்சிவப்புக் குச்சி ஒன்று இருக்கும். அதைத் 'தோல் கலர்' என்று பிள்ளைகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அடுத்த முறை அப்படிச் சொன்னால், அந்தக் குச்சியைப் பிள்ளையின் கைமேல் வைத்து, "உங்கட தோல் இந்த நிறமா?" என்று கேளுங்கள். பிறகு மண்ணிறத்தையும் செம்மஞ்சளையும் எடுத்துக் கொடுங்கள், நிழலுக்குக் கொஞ்சம் நீலமும். தன் முகத்தில் இத்தனை நிறங்களை அல்லாஹ் வைத்திருக்கிறான் என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுகொள்ளும்.