கெட்டித்தலும் நிரப்புதலும்

துப்பாக்கியில் குண்டேற்றுவதைத் தமிழில் முன்பு 'கெட்டித்தல்' என்றோம். இன்று 'தோட்டா நிரப்புதல்' என்கிறோம். இரண்டும் ஒரே செயலைக் குறிக்கவில்லை. முன்னதற்குள் ஒரு கோல் இருக்கிறது. மருந்தையும் குண்டையும் குழலின் வாய்வழியே இட்டு, அடிவரை இடித்து இறுக்குகிற உழைப்பு இருக்கிறது. பின்னதற்கு விரல்களின் அழுத்தம் போதும். இவ்விரு சொற்களுக்கும் இடைப்பட்ட வரலாற்றைப் படைக்கல வல்லுநர்களுக்கு உரியதென்று இலக்கியம் பயில்கிற நாம் ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்கத் தக்கதன்று அது.

வகுப்பில் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைப் பற்றிப் பேச நேரும்போது பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு என்ற இரு சொற்களோடு நாம் கடந்துபோவது வழக்கம். ஒருமுறை மாணவி ஒருவர் கேட்டார்: "தோட்டாவை ஏன் ஐயா பல்லால் கடிக்க வேண்டும்? அதில் கொழுப்பு எதற்கு?" இரண்டு கேள்விகளுக்கும் விடை அத்துப்பாக்கியின் அமைப்பிலேயே இருக்கிறது.

அதற்கு முன்பிருந்த 'பிரவுன் பெஸ்' துப்பாக்கியின் குழல் உட்புறம் வழவழப்பானது. குழலைவிடச் சற்றே சிறிய ஈயக்குண்டு தடையின்றி உள்ளே இறங்கும். குறி மட்டும் தப்பும். 1853ஆம் ஆண்டு மாதிரியான என்ஃபீல்டு ரைபிளின் குழலுக்குள் திருகு பள்ளங்கள் இருந்தன. குண்டைச் சுழலவைத்துத் தொலைவுக்குக் குறி பிசகாமல் அனுப்புபவை அவையே. ஆனால் குண்டு சற்று நெருக்கமாக இறங்க வேண்டும். அதற்கு மசகு வேண்டும். மருந்தும் குண்டும் ஒரே காகிதச் சுருளில் இருந்தன. ஒரு கை துப்பாக்கியைப் பிடித்திருக்க, மறுகை சுருளை ஏந்தியிருக்க, கிழிப்பதற்குப் பல்லே எஞ்சியது. மருந்தைக் கொட்டி, குண்டை நுழைத்து, கோலால் இடித்து, வெடிமூடியைப் பொருத்தி, பிறகுதான் குறிபார்க்க இயலும். பயிற்சி பெற்றவர் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறை சுடலாம்.

விரல்களால் கிழிக்கலாம் என்று பயிற்சி விதி பின்னர் மாற்றப்பட்டது. ஆயினும் 1857 ஏப்ரலில் மீரட்டில் 85 குதிரைப்படை வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். மறுப்பு பல்லைப் பற்றியதாக மட்டும் இருக்கவில்லை; கொடுத்த கையை அவர்கள் நம்பவில்லை.

வாய்வழித் துப்பாக்கியின் பெருங்குறை, அதை நின்றபடியே கெட்டிக்க வேண்டியிருந்ததுதான். மருந்து கீழிறங்கக் குழல் நிமிர்ந்திருக்க வேண்டும். உடன் மனிதனும் நிமிர்ந்திருக்க வேண்டும். பிரஷ்யா ஏற்றுக்கொண்ட டிரைசே ஊசித் துப்பாக்கி இதை மாற்றியது. பின்புறத் தாழ்ப்பாளைத் திறந்து, தோட்டாவை வைத்து மூடினால் போதும். படுத்தபடியே சுடலாம், நிமிடத்துக்கு ஐந்து முறைக்கு மேலும் சுடலாம். 1866 ஜூலை 3 அன்று கோனிக்ராட்ஸ் போர்க்களத்தில் ஆஸ்திரியரின் லோரென்ஸ் துப்பாக்கி அதைவிடத் தொலைவுக்குச் சுடவல்லது. ஆனால் ஆஸ்திரிய வீரர் எழுந்து நின்று கெட்டித்தார். பிரஷ்ய வீரர் படுத்துக் கிடந்தார். டிரைசேயிலும் குறை உண்டு. மூட்டின் வழியே வாயு கசிந்து சுடுபவரின் முகத்தருகே சீறும். உலோக உறையுள்ள தோட்டா வந்த பிறகே அக்கசிவு தீர்ந்தது. வெடிக்கும்போது உறை விரிந்து அதுவே அடைப்பாயிற்று.

ஆகவே புதியதே பயனுடையது என்று முடித்துவிடலாமா? பயன் யாருக்கு என்று கேட்டுத்தான் முடிக்க வேண்டும். 1857க்குப் பிறகு இந்தியச் சிப்பாய்களுக்காகவே திருகு பள்ளங்களை நீக்கிய என்ஃபீல்டுகள் உருவாக்கப்பட்டன. பிரிட்டிஷ் வீரர் பின்வழி ஸ்னைடரைப் பெற்றபோது சிப்பாயின் கையில் வாய்வழித் துப்பாக்கியே இருந்தது. அவர் மார்ட்டினி-ஹென்றிக்கு மாறியபோது இவருக்கு ஸ்னைடர்; அவர் லீ-மெட்ஃபோர்டுக்கு மாறியபோது இவருக்கு மார்ட்டினி. ஒரே அரசின் படையில், ஒரே எதிரிக்கு முன்னால், எப்போதும் ஒரு படி கீழே. குண்டேற்றும் வேகம் அங்கே நம்பிக்கையை அளக்கும் கோலாக இருந்தது. 1878இல் லிட்டன் பிரபுவின் ஆட்சி படைக்கலச் சட்டத்தையும் தாய்மொழிப் பத்திரிகைச் சட்டத்தையும் ஒரே ஆண்டில் கொண்டுவந்ததை இதனோடு சேர்த்துப் படித்தால் பொருள் இன்னும் தெளிவாகும்.

பழைய முறைக்கும் ஒரு வலிமை உண்டு. கொஞ்சம் மருந்தும் ஈயமும் வெடிமூடியும் கிடைத்தால் வாய்வழித் துப்பாக்கி இயங்கும். காட்டுப்பன்றியை விரட்டும் உழவருக்கு நிமிடத்துக்கு ஒரு வெடிச்சத்தமே மிகுதி. உலோகத் தோட்டாவோ ஆலையில் பிறக்க வேண்டும். ஆலை எவருடையதோ, துப்பாக்கியும் அவருடையதே.

பின்னர் வந்த லீ-என்ஃபீல்டின் பெட்டகத்தில் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். ஐந்தைந்தாகக் கோத்த பட்டையை வைத்து அழுத்தினால் அவை உள்ளே இறங்கிவிடும். தொடக்ககால மாதிரிகளில் பெட்டகத்தை அடைத்துவைக்க ஒரு தகடு இருந்தது. வீரர்கள் தோட்டாக்களை வீணாக்கிவிடுவார்கள் என்று அதிகாரிகள் அஞ்சினர்.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் அந்த அச்சம் எவருக்கும் இருக்கவில்லை. இந்தியப் படையின் 50 துப்பாக்கி வீரர்கள், ஏறத்தாழ பத்து நிமிடங்கள், 1650 குண்டுகள். ஆளுக்குச் சராசரியாக 33. பத்துத் தோட்டாப் பெட்டகம் என்றால் ஒவ்வொருவரும் மூன்று முறையேனும் சுடுவதை நிறுத்தி மீண்டும் நிரப்பியிருக்க வேண்டும். தாழ்ப்பாளைப் பின்னிழுத்து, பட்டையை வைத்து, கட்டைவிரலால் அழுத்தும் அந்தச் சில நொடிகளில் கண்கள் எதிரே இருந்தவர்களைப் பார்த்திருக்கும். கோலால் இடித்த காலத்தில் அந்த இடைவெளி இருபது, முப்பது நொடிகளாக இருந்தது. நிரப்பும் முறைகளை ஒப்பிடுவோர் அது குறைந்ததை முன்னேற்றமாகக் கணக்கிடுவர்; போர்க்களத்தைப் பொறுத்தவரை அக்கணக்கு சரியே. மதில் சூழ்ந்த அந்தத் திடலில் நின்று அதே கணக்கைப் போட நமக்கு மனம் வரவில்லை.