தெளிந்த நீரும் தீங்கு செய்யும்

சென்ற கார்த்திகை மழையில் எம் பங்கின் சிறுமி ஒருத்தி டெங்குக் காய்ச்சலில் படுத்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் தணிந்தது. “பிழைத்துவிட்டாள், சாமி” என்றார் தாய், நானும் மகிழ்ந்தேன். அந்தோ, அறியாமை! டெங்குவில் காய்ச்சல் தணியும் வேளையே அபாய வேளை. அன்று மாலையே கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி. மருத்துவமனையில் ஒரு வாரம் போராடி மீண்டாள்.

அவள் வீடு கல்லறைத் தோட்டத்து மதிலை ஒட்டியது. அங்கே சென்று பார்த்தேன். நவம்பர் 2ஆம் நாள் நாம் வைத்த பூச்சாடிகளில் மழைநீர். அதில் நெளியும் புழுக்கள். கோவில் வாசல் தீர்த்தத் தொட்டியிலும் அவையே! அதைக் கழுவ மறந்தவன் நான். அவளைக் கடித்த கொசு எங்குப் பிறந்ததென யாரறிவார்? ஆயினும் என் மனம் ஆறவில்லை.

அன்பர்களே, ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை, தேங்கிய தெளிந்த நீரையே நாடும், பகலில் கடிக்கும். முட்டை, 10 நாள் அளவில் கொசுவாகும். உலர்ந்த முட்டையோ பல மாதம் உயிர்தாங்கும். ஆகவே, வாரந்தோறும் நீரைக் கொட்டிப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் கண்டால் ஆஸ்பிரின் வேண்டாம், மருத்துவரை நாடுங்கள்.

இனிக் கல்லறை மலர்களை ஈரமணலில் செருகுவோம். இறந்தோர்பால் நாம் காட்டும் அன்பு, இருப்போருக்குத் தீங்காகாதிருக்கட்டும்.