சிவப்பா, பச்சையா?

எங்கள் அண்ணன் சிறு வயதில் மரம் வரைந்தால் இலைக்குச் செங்கல் நிறம் தீட்டுவான். தங்கைகளாகிய நாங்கள் இருவரும் கைகொட்டிச் சிரிப்போம். தக்காளி வாங்கப் போனால் பாதி காயாக இருக்கும். "கவனமில்லாத பிள்ளை" என்று அடியும் வாங்கியிருக்கிறான். இப்போது நினைத்தால் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

அண்ணனுக்குக் கப்பலில் போக ஆசை. தூத்துக்குடிப் பையனுக்கு வேறென்ன ஆசை வரும்! பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மருத்துவப் பரிசோதனைக்குச் சென்றான். வண்ணப் புள்ளிகள் நிறைந்த வட்டங்களைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டார்களாம். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட படங்கள் அவை. அண்ணனுக்குப் புள்ளிகள் தெரிந்தன, எண் தெரியவில்லை. நிறக்குருடு என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்களுக்கு ஒரே கோபம். அன்று மாலை அப்பா கடற்கரைச் சாலைக்கு அழைத்துப்போய் விளக்கினார். கப்பலின் இடப்புறம் சிவப்பு விளக்கு, வலப்புறம் பச்சை. இருட்டில் ஒரு விளக்கு மட்டும் தெரிந்தால், அந்தக் கப்பல் எந்தப் பக்கமாகப் போகிறது என்பதை நிறத்தை வைத்துத்தான் அறிய வேண்டும். தவறினால் மோதல். கோபம் தணிந்தது, வருத்தம் தணியவில்லை.

நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு அணுக்கள் மூவகை. அவற்றில் ஒருவகை இல்லாமலோ மாறியோ இருந்தால் சிவப்பும் பச்சையும் குழம்பும். இக்குறைக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு அது ஒன்றே, தாயிடமிருந்து வருவது. பெண்ணுக்கு இரண்டு இருப்பதால் ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும்.

இதை மருத்துவர் சொன்னதும் அம்மா அழுதுவிட்டார்கள். "எம் பிள்ளைக்கு நான் குடுத்த சொத்து இதுதானா?" என்றார்கள். பிறகுதான் அவர்களுக்குத் தம் தகப்பனார் நினைவு வந்தது. கொழும்புக்குத் தோணியில் போய்வந்த தாத்தா, இரவில் பக்கத்திலிருக்கும் பையனிடம், "லேய், அது செவப்பா, பச்சையா?" என்று கேட்பாராம். கண் மங்கல் என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

கடன் வாங்கியாவது வண்ணக் கண்ணாடி வாங்க அப்பா துணிந்தார். அது சிலருக்கு நிறங்களைச் சற்றுப் பிரித்துக் காட்டுமே தவிர, இல்லாத பார்வையைத் தராது என்று மருத்துவர் தடுத்துவிட்டார். 2009-இல் அமெரிக்காவில் இக்குறையுள்ள குரங்குகளின் கண்ணில் மரபணுவைச் செலுத்தி, நிறம் பிரித்தறியச் செய்திருக்கிறார்கள். மனிதருக்கு அச்சிகிச்சை இன்னும் வரவில்லை.

ஆனால் கதவெல்லாம் அடைபடவில்லை. நிறக்குறையைக் காரணம் காட்டித் தமிழ்நாடு மின்வாரியம் மறுத்த ஒரு பொறியாளருக்குப் பணி தரும்படி 2023-இல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அந்தச் செய்தித்தாளை அண்ணன் மடித்து வைத்திருக்கிறான். இப்போது வணிகவியல் படிக்கிறான். கப்பல் சரக்குக் கணக்கு பார்க்கலாம் என்கிறான்.

ஒன்றை மட்டும் நாங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் ஒவ்வொருவரிடமும் அந்த மரபணு இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. நூலகத்தில் படித்தோம். அம்மாவுக்கும் தெரிந்திருக்கும் என்றே தோன்றுகிறது. எங்கள் முன் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.