திரும்பும் நேரம்

பிப்ரவரி 24

காட்டில் பிழைக்கக் கற்றுத்தருவதாகச் சொல்லும் காணொளிகளில் பெரும்பாலானவை கத்தியில் தொடங்கி நெருப்பில் முடிகின்றன. கட்டையோடு கட்டை உரசித் தீ மூட்டுகிறார்கள், கொடியை வெட்டித் தண்ணீர் குடிக்கிறார்கள், புழுவைத் தின்கிறார்கள். கனடாவில் பனிக்காட்டில் சிக்கியவருக்கு நெருப்பு உயிர் காக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் முதன்முதலாகக் கால் வைப்பவருக்கு இவை எதுவும் முதல் பாடம் ஆகாது. பிப்ரவரி பாதி கடந்துவிட்டால் சரிவுகளில் புல் சருகாகக் காய்ந்து நிற்கிறது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். அதைவிட, மூட்டியவரையே அது முதலில் சூழும். பசியும் அவசரமான எதிரி அல்ல. தண்ணீர் கிடைத்தால் ஆரோக்கியமான உடம்பு பல நாள் தாங்கும். இங்கே ஆளைச் சாய்ப்பவை இருட்டு, வழுக்குப் பாறை, காட்டாற்று வெள்ளம், வெயில், தீ, யானை. இவற்றில் ஒன்றையும் கத்தியால் வெல்ல முடியாது. எப்போது போகக்கூடாது, எங்கே திரும்புவது, வழி தப்பினால் எப்போது நின்றுவிடுவது என்ற மூன்றையும் முடிவு செய்யத் தெரிவதுதான் தொடக்கநிலையாளர் கற்க வேண்டிய திறன். அதை வீட்டிலிருந்தே கற்கலாம்.

பிப்ரவரி 26

திரும்பும் நேரத்துக்குக் கணக்கு உண்டு. 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்தது: ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரமும் 900 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதைக்கு மூன்றரை மணி நேரம் வருகிறது. அது பழகிய கால்களின் கணக்கு. பை சுமந்து, மூச்சு வாங்கி, படம் எடுத்துப் போகிற புதியவருக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நியாயம். காலை ஏழுக்குக் கிளம்பினால் பன்னிரண்டு. உச்சி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் பன்னிரண்டுக்குத் திரும்பிவிட வேண்டும். இறக்கத்தில்தான் முழங்கால் நடுங்கும், கால் பிசகும். பள்ளத்தாக்கில் சூரியன் மறையும் முன்பே மரத்தடி இருண்டுவிடும்.

கைப்பேசி இருக்கிறதே என்று கேட்பார்கள். அது நல்ல கருவிதான். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால், சிக்னல் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோளைக் கொண்டு நாம் நிற்கும் புள்ளியைக் காட்டும். ஆனால் சிக்னல் தேடித் தேடியே பேட்டரி கரைந்துபோகும். விமானப் பயன்முறையில் போட்டு வைப்பவர்கள் குறைவு. 2022 பிப்ரவரியில் கேரளத்தின் மலம்புழா அருகே செங்குத்துப் பாறையில் சிக்கிய இளைஞரை எடுத்துக்கொள்ளலாம். பாறை இடுக்கில் இருந்தபடியே கைப்பேசியில் செய்தி சொன்னார். இடத்தைவிட்டு நகராமல் நாற்பது மணி நேரத்துக்கும் மேல் பசியோடும் தாகத்தோடும் தாங்கினார். ராணுவத்தினர் கயிறு கட்டி மீட்டார்கள். தேடுபவர்களுக்கு இடம் தெரிந்திருந்ததும், அவர் அசையாமல் இருந்ததும்தான் அவரைக் காப்பாற்றின. வழி தெரியாமல் நடந்துகொண்டே இருப்பவரோ மணிக்கு மணி தேடும் வட்டத்தைப் பெரிதாக்குகிறார். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குள் பேசாவிட்டால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும் என்று வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்தால், அந்த வட்டம் தொடக்கத்திலேயே சிறியதாகிவிடும்.

மார்ச் 11

2018-இல் இதே தேதியில்தான் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறிகள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் இளம் பெண்கள். தீ சூழ்ந்த பிறகு எந்தத் திறன் என்ன செய்திருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தீ சரிவில் மேல்நோக்கி வேகமாகத் தாவும், ஏனென்றால் கீழே எரிவதன் வெப்பம் மேலே நிற்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. ஆகவே ஏறி ஓடக்கூடாது. ஏற்கெனவே எரிந்து அடங்கிய தரையையோ புல்லில்லாத பாறையையோ தேட வேண்டும். செயற்கை இழைத் துணி உருகித் தோலோடு ஒட்டும் என்பதால் தீக்காலத்தில் பருத்திதான் நல்லது. (மழைக்காலத்தில் இதுவே தலைகீழ்: நனைந்த பருத்தி குளிர்மலையில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.) ஆனாலும் புகையும் அலறலுமாக இருக்கும் அந்த நிமிடத்தில் இவ்வளவையும் நினைவில் கொண்டுவரச் சொல்வது கொடுமை. இறந்தவர்கள்மேல் பழி போடுவது அதைவிடக் கொடுமை. மார்ச்சில் அந்தப் புல்வெளிக்குப் போகலாமா என்ற கேள்வி அந்தக் குழுக்கள் சென்னையிலும் ஈரோட்டிலும் வண்டி ஏறும் முன்பே கேட்கப்பட்டிருக்க வேண்டும். கேட்க வேண்டிய முதல் பொறுப்பு அழைத்துப் போகிறவர்களுடையது, அனுமதிப்பவர்களுடையது. அந்த விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-இல் தமிழ்நாடு அரசு 40 தடங்களைப் பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு திறந்தது. தீக்காலத்தில் தடங்களை மூடுவதைப் பயணத் திட்டத்தைக் கெடுக்கும் கெடுபிடி என்று சலித்துக்கொள்பவர்கள் குரங்கணியை ஒருமுறை நினைக்கட்டும்.

மார்ச் 14

பழங்குடியினர் ஓர் அரிவாளோடு காட்டுக்குள் போய்த் திரும்பவில்லையா என்று ஒரு வாதம் உண்டு. அவர்கள் கையில் இருப்பதை மட்டும் பார்ப்பதால் வரும் வாதம் இது. எந்த ஓடை எந்த மாதத்தில் பொங்கும், எந்த வழியில் யானை இறங்கும் என்ற தலைமுறை அறிவை அவர்கள் கூடவே கொண்டு போகிறார்கள். அந்த அறிவு இல்லாதவருக்கு அரிவாளால் பயனில்லை. நம் ஊரில் அந்த அறிவு இல்லாமல் மலை ஏறுகிறவர்களில் மிகப் பெரிய கூட்டம் மலையேற்றக் குழுக்கள் அல்ல, பக்தர்கள். வெள்ளியங்கிரியும் சதுரகிரியும் பர்வதமலையும் ஏறுகிற ஆயிரக்கணக்கானோர் தங்களை மலையேறிகள் என்று நினைப்பதே இல்லை. 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் திடீர் வெள்ளம் பக்தர்களை அடித்துச் சென்றது. நாம் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் மேலே பெய்த மழை கீழே வந்துவிடும். தெளிந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் கூடுவதும் முன்னறிகுறிகள். கண்டவுடன் கரையேறிவிட வேண்டும், அக்கரையில் செருப்போ பையோ கிடந்தாலும் சரி. வெள்ளியங்கிரியில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் இறந்தவர்களின் செய்தி பருவந்தோறும் வருகிறது. நடுவழியில் நெஞ்சு அடைத்தால் அங்கேயே திரும்பலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நேர்ந்துகொண்டு வந்தவர் பாதியில் திரும்பினால் தெய்வக்குற்றம் என்ற அச்சத்தைக் கோயில்காரர்களே ஒலிபெருக்கியில் போக்கலாம். சதுரகிரிக்கு ஏறும் தாணிப்பாறையிலும் வெள்ளியங்கிரிக்கு ஏறும் பூண்டியிலும் அடிவாரத்தில் ஒரு பெரிய பலகையில் அன்றைய திரும்பும் நேரத்தை எழுதி வைக்க அதிகச் செலவாகாது. அருகில் ஓடைநீரின் நிலையையும் எழுதிவிட்டு, கேட்பவருக்கு விளக்க ஒரு வனக்காவலரை நிறுத்தலாம். வரும் சித்திரைக் கூட்டத்துக்கு முன்பே இதைச் செய்துவிட முடியும்.