பீலித் தண்ணீரில் குளிர்ந்த பானம்

குளிர் ஊர் என்று கேள்விப்பட்டு வருபவர்கள் நம்பமாட்டார்கள். மாசி, பங்குனியில் எங்கள் தலவாக்கலையிலும் வெயில் சுடும். காலையில் கம்பளியோடு மலைக்குப் போகும் பெண்கள் பத்து மணிக்கு நாக்கு வறண்டு நிற்பார்கள்.

அப்படியொரு வெயில் நாளில் என் தம்பியின் மனைவி கேட்டாள்: "அண்ணி, டவுன் கடையில போத்தல்ல குளிர் தேத்தண்ணி விக்கிறாங்களே, அத வீட்டுல செய்ய ஏலாதா?" அவள் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ஆசையாகக் கேட்கிறாளே என்று நானும் தயாரானேன்.

1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த கண்காட்சியின் பின்னர் குளிர் தேநீர் மேலும் பெயர் பெற்றது. 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. ஆனால் லயத்து வீட்டில் எங்களுக்குத் தெரிந்தது சுடச்சுடச் சாயத் தண்ணி மட்டுமே.

நான் அடுப்படியில் நின்றபோது, அவள் கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை வாயில் போட்டு, சாயத் தண்ணியில் விழுங்கினாள்.

"எத்தன நாளா இப்படிக் குடிக்கிற?"

"தொடங்கின நாள்ல இருந்து. மாத்திரை மணம் பிடிக்கல. சாயத் தண்ணிதான் அத மறைக்குது."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. பல நாட்கள் அந்தக் கோப்பையை ஊற்றிக் கொடுத்தவளே நான்தான். சமூகவியல் பட்டதாரி, தோட்டப் பெண்களின் இரத்தச்சோகை பற்றிக் கூட்டங்களில் பேசுபவள். என் வீட்டு அடுப்படியில் நடந்தது என் கண்ணில் படவில்லை. கிளினிக் அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஹீமோகுளோபின் 9.4. கர்ப்பிணிக்கு 11க்குக் குறைந்தாலே இரத்தச்சோகை.

தேயிலையின் துவர்ப்புப் பொருள், இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. ஆகவே மாத்திரையோடும் சாப்பாட்டோடும் தேநீர் வேண்டாம். குறைந்தது ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விட வேண்டும். தேசிக்காய், கொய்யா போன்றவற்றிலுள்ள வைட்டமின் சி இதற்கு மாறாக உறிஞ்சலுக்கு உதவுகிறது.

அன்று தேயிலைத் தூள் டப்பாவை மூடிவிட்டேன். வேலிக் கொடித்தோடையும் வாசல் சேரைப்புல்லும் கைகொடுத்தன. நீங்களும் செய்து பாருங்கள்.

ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். தட்டிய இஞ்சி சிறு துண்டு, இரண்டு தண்டு சேரைப்புல் போட்டு ஐந்து நிமிடம் மூடி வைத்து வடியுங்கள். நன்றாக ஆறிய பின்னரே மூன்று கொடித்தோடம்பழச் சாறு, ஒரு தேசிக்காய்ச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு, மூன்று தேக்கரண்டி சீனி சேருங்கள். சூட்டில் சேர்த்தால் வைட்டமின் சி குறைந்துவிடும். நீரிழிவு உள்ளவர்கள் சீனியை விட்டுவிடலாம்.

குளிர்பெட்டி இல்லையா? போத்தலை இறுக மூடி, பீலியிலிருந்து தண்ணீர் விழும் வாளியில் அரை மணித்தியாலம் வையுங்கள். ஐஸ் போடுவதானால் கொதித்து ஆறிய நீரில் செய்த ஐஸ் ஆக இருக்கட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். மூலிகை என்றால் எல்லாம் நல்லதென்று இல்லை. புதினாச் சாயமும் தேயிலையைப் போலவே இரும்புச்சத்தைத் தடுக்கும். அதனால் மூலிகை போட்டதைச் சாப்பாடு இல்லாத நேரத்தில் குடியுங்கள். மாத்திரைக்குக் கொதித்து ஆறிய நீரில் தேசிக்காய் பிழிந்தால் போதும். என் தம்பி மனைவிக்கு அதைத்தான் கொடுத்தேன். மாத்திரை மணமும் மறைந்தது.

அடுத்த மாதப் பரிசோதனையில் அவளுக்கு 10.2. பானம் செய்த அதிசயம் அல்ல. மாத்திரைக்கு இருந்த தடை நீங்கியது, அவ்வளவுதான். எல்லோரும் சாப்பிட்ட பின் சட்டியில் மிஞ்சுவதைச் சாப்பிடும் பெண்ணுக்கு எந்தப் பானமும் இரத்தம் ஊற்றாது. கீரையும் பருப்பும் நெத்தலியும் அவள் தட்டுக்கும் வர வேண்டும்.

குழந்தை பிறந்து இப்போது தவழ்கிறது. "அண்ணி, சாயத் தண்ணி ஊத்தவா?" என்று அவள் கேட்டால், நான் முதலில் சுவர் மணிக்கூட்டைப் பார்க்கிறேன். சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாராவது மாத்திரை போடும்போது, கையிலிருக்கும் கோப்பையை ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.